'புதிய தொடக்கம்': ஆங்கிலத் தொடர்களை மராத்தியில் கொண்டுவருவது எப்படி?

படி 1: தொடங்குவது யார் என்று பாருங்கள்

'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்பதை எடுத்துக்கொள்வோம். மராத்தியில் 'பான்' என்றால் இலையும்தான், புத்தகப் பக்கமும்தான். அதனால் சொல்லுக்குச் சொல் 'நவீன் பான் உலட்ணே' என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். மராத்திக்காரர் காதில் அது வெறும் பக்கம் புரட்டலாகத்தான் விழும். திருந்தி வாழ்வது என்ற பொருள் வராது. மனிதர் என்றால் 'நவ்யானே ஸுருவாத் கர்ணே' (புதிதாகத் தொடங்குவது) போதும். ஒரு ஊரோ நிறுவனமோ பழைய கோலத்தை உதறிவிட்டுப் புதுப்பொலிவு பெற்றால் 'காத் டாக்ணே', அதாவது பாம்பு சட்டை உரிப்பது. பாம்பு என்றதும் தயங்க வேண்டாம், அங்கே இது பாராட்டு.

'நியூ லீஸ் ஆஃப் லைஃப்' (மறுவாழ்வு) என்பதும் இப்படித்தான் பிரியும். மூடும் நிலையிலிருந்து மீண்ட ஆலைக்கு 'நவஸஞ்ஜீவனீ மிளாலீ' (புத்துயிர் கிடைத்தது). விபத்தில் உயிர் தப்பியவருக்கு 'புனர்ஜன்ம ஜாலா'.

படி 2: ஆங்கிலத்தை விட்டுத் தமிழ் வழியாகப் போங்கள்

தமிழருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நாம் பிள்ளையார் சுழி போடுகிறோம்; அவர்கள் 'ஸ்ரீகணேஷா' செய்கிறார்கள். ஏடுகளை 'ஸ்ரீ கணேஷாய நமஹ' என்று தொடங்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல் இது. உடற்பயிற்சி முதல் புதுக்கடை வரை எதற்கும் பொருந்தும்.

பந்தக்கால் நடுவதற்கு இணை 'முஹூர்த்தமேட் ரோவ்ணே'. ஆனால் இது கனமான சொல். ஜோதிராவ் புலே 1848இல் புணேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதை இப்படிச் சொல்வார்கள். நாளை முதல் சர்க்கரை இல்லாத காப்பி என்று முடிவெடுத்ததற்கு இதைப் போட்டால் கேலியாகிவிடும்.

நின்றுபோனது மறுபடி தொடங்கினால் 'புனஷ்ச ஹரிஓம்' (மறுபடியும் ஹரிஓம்). சிறை சென்று திரும்பிய திலகர், 1899இல் கேசரி இதழில் மீண்டும் எழுதத் தொடங்கியபோது தலையங்கத்துக்கு வைத்த தலைப்பு. 2020இல் கொரோனா ஊரடங்கைத் தளர்த்தும் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு ஆங்கிலத்தில் 'மிஷன் பிகின் அகெய்ன்' என்று பெயர் வைத்தது; மராத்தியில் அது 'புனஷ்ச ஹரிஓம்' ஆனது. நல்ல மொழிபெயர்ப்பு என்றால் இதைத்தான் காட்டலாம். முதல்முறை தொடங்குவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

படி 3: பாலைச் சரிபாருங்கள்

தொடக்கநிலையில் அதிகம் சறுக்குவது இங்கேதான். மராத்தியில் உயிரற்ற பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. 'புதிய' என்ற அடைமொழி அதற்கேற்ப மாறும். 'நவீ ஸுருவாத்' பெண்பால், 'நவா அத்யாய்' (புதிய அத்தியாயம்) ஆண்பால், 'நவே பர்வ' (புதிய சகாப்தம்) அஃறிணைப்பால். குழம்பினால் மாறாத 'நவீன்' என்ற வடிவத்தைப் போட்டுத் தப்பிக்கலாம். நம் 'நவீன'த்தை நினைத்து அஞ்ச வேண்டாம். அங்கே அது வெறும் 'புதிய' தான்.

இறந்தகாலத்தில், 'எதை' என்று கேட்கத்தக்க 'செய்' போன்ற வினை, பொதுவாகச் செய்தவரைப் பார்க்காது, செய்யப்பட்டதைப் பார்க்கும். பேசுபவர் ஆணோ பெண்ணோ, 'மீ ஸுருவாத் கேலீ', 'மீ ஸ்ரீகணேஷா கேலா' என்றுதான் வரும்.

படி 4: எதிலிருந்து தொடங்குகிறோம்?

வெறுங்கையிலிருந்து என்றால் 'ஷூன்யாதூன்' (பூஜ்யத்திலிருந்து). சண்டையை மறந்து என்றால் 'ஜால கேல கங்கேலா மிளால': நடந்தது, போனது எல்லாம் கங்கையில் கலந்துவிட்டது. 'கிளீன் ஸ்லேட்'டுக்கு நேராக 'கோரீ பாட்டீ' (எழுதாத பலகை) இருக்கிறது. ஆனால் அது முன்பு எதுவும் பதியாத மனத்தையே பெரும்பாலும் குறிக்கும். சமாதானம் பேசும் இடத்தில் கங்கையே மேல்.

தள்ளி வைக்க வேண்டியவை இரண்டு. 'பஹிலே பாடே பஞ்சாவன்ன' மறுதொடக்கம் போலத் தோன்றினாலும், எவ்வளவு சொல்லியும் பழைய கதைதான் என்ற சலிப்பு அது. 'நவ்யாச்சே நவூ திவஸ்' என்பதிலும் புதுமை இருக்கிறது. ஆனால் அந்தப் புதுமைக்கு ஆயுள் ஒன்பதே நாள். கடைத் திறப்பு விழா வாழ்த்து அட்டையில் இதை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.