அலைவரி மரத்தில் கிட்டார் பாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். பைக்கின் பின்சீட்டில் போர்வை சுற்றிக் கட்டிய ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் பாடி. எட்டு மாத வேலை. பின்பக்கம் பலா இனத்து அயனி மரம், மேலே அலைவரி ஓடிய மாமரப் பலகை. ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரித்த மாதிரி நடுவில் சேர்த்து ஒட்டியிருந்தான். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் குளத்துத் தண்ணீரில் காற்று ஓடுவது போல வரி அசைந்தது. நான் ஒன்றும் பேசாமல் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். நடுவில், ஸ்கேலுக்கு அடியில், வெளிச்சம் தெரிந்தது. பாடி குழிந்திருந்தது.

"அண்ணா, இழைச்சா சரியாவுமா?" என்று கேட்டான்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. இதே தவறை இதே மரத்தில் நான் செய்திருக்கிறேன். இந்த இரண்டு வருடத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவன். அதனால்தான் எழுதுகிறேன். முனை மழுங்கிய பிட், தப்பாக அளந்த ஓட்டை, முகமூடி போடாமல் தூசி தின்பது இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

அழகைப் பார்த்து மட்டும் மரம் வாங்குவது

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கிப்சன் நிறுவனம் 1952-இல் லெஸ் பால் கிட்டாரைக் கொண்டுவந்தபோது மேலே தங்க நிறப் பெயின்ட்தான், மரம் வெளியே தெரியாது. 1958-இல் பெயின்ட்டை எடுத்துவிட்டு மேப்பிள் மரம் தெரியும்படி சன்பர்ஸ்ட் நிறம் கொடுத்தார்கள். மகாகனி பாடி, மேலே அலைவரி மேப்பிள். அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க எல்லோரும் அந்த வரியைத்தான் தேடுகிறார்கள்.

மேப்பிள் நம் ஊர் மரம் இல்லை. நம்மிடம் இருப்பது பலா, அயனி, மா, தேக்கு, மகாகனி, அப்புறம் ரப்பர். இதில் வரி அதிகம் விழுவது மாமரத்தில். ஆனால் மாமரத்தில் வைரம் (நடுவில் இருக்கும் கெட்டி மரம்) என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் கிடையாது, வண்டு விரும்பித் தின்னும். மில்லில் வாங்கும்போதே கையால் தட்டிப் பாருங்கள், மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ரப்பர் மரமும் இப்படித்தான், போராக்ஸ் மருந்து ஏற்றாத பலகையைத் தொடவே வேண்டாம்.

பின்பக்கத்துக்குப் பலாவும் அயனியும் போதும். தஞ்சாவூர் வீணையைப் பலாவில்தான் குடைகிறார்கள். நம் பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரத்துத் தூணைப் போய்ப் பாருங்கள், ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கியது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். புதுப் பலா மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுக் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். மஞ்சளை நம்பி மேல்பலகைக்கு நிறம் முடிவு செய்யாதீர்கள்.

முழு பாடியையும் ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண்டர் நிறுவனம் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்காக முழுக்க ஈட்டியில் ஒரு டெலிகாஸ்டர் கிட்டார் செய்து கொடுத்தது, 1969 ஜனவரி 30 அந்தக் குழுவின் மொட்டைமாடிக் கச்சேரியில் அவர் வாசித்தது அதைத்தான். ஆனால் பிற்பாடு விற்பனைக்கு வந்த அந்த மாடலின் எடை தாங்காமல் உள்ளே குடைந்து செய்ய வேண்டி வந்தது. பலாவில் ஒரு பாடி இரண்டு, இரண்டேகால் கிலோவில் நிற்கும். ஈட்டியில் மூன்றைத் தாண்டும், கழுத்து, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தம்) எல்லாம் அதற்கு மேல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்க நின்று வாசிக்கிற பையனின் தோளை நினைத்துப் பாருங்கள். 2017-இலிருந்து ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கொடுத்தார்கள், பலகைக்கு இல்லை. பில் தராத இடத்தில் ஈட்டி வாங்காதீர்கள்.

பிளந்த அன்றே ஒட்டுவது

இதுதான் அந்தத் தவறு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

திருவட்டாறில் என் அத்தை வீட்டு மாமரத்தை வீடு பெரிதாக்குவதற்காக வெட்டினார்கள். அடிமரத்தை மில்லில் அறுத்தபோது இரண்டு அங்குலப் பலகை ஒன்றில் நெருக்கமாக, விரல் அகலத்துக்கு ஒன்றாக அலைவரி. ஒரு வருடம் வீட்டுத் திண்ணையில் கிடந்தது. அப்புறம் ஈரப்பத மீட்டரை வைத்துக் குத்திப் பார்த்தேன். 12 சதவீதம் காட்டியது. சந்தோஷமாக மில்லுக்குக் கொண்டுபோய் நடுவில் பிளந்தேன், அன்று மாலையே இழைத்து எட்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன், மறுநாள் ஒட்டிவிட்டேன். ஜூலை மாதம், வெளியே சாரல்.

எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் செய்கிற மூத்த ஆசாரி ஒருவர் அன்று வந்து பிளந்த முகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரத்துக்க உள்ள இன்னும் தண்ணி கெடக்கு மக்ளே. ஒரு மழ தாண்டட்டு." என் கையில் மீட்டர் இருந்தது, அதில் 12 இருந்தது. நான் கேட்கவில்லை.

அக்டோபரில் கிட்டார் முடிந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் வாங்கிக்கொண்டு போனார். பிப்ரவரியில் போட்டோ அனுப்பினார். நடு ஒட்டு கீழ்முனையிலிருந்து விட்டிருந்தது, விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு. அதைத் தொடர்ந்து மேலே அடித்த லாக்கர் பூச்சும் பிரிட்ஜ் வரைக்கும் வெடித்திருந்தது. ஈஸ்டர் லீவில் கொண்டுவந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் போனது பரவாயில்லை. மேல்பலகையைக் காப்பாற்ற வழியில்லாமல், அத்தை வீட்டு மரத்தை என் கையாலேயே சுருள் சுருளாக இழைத்துக் குப்பையில் கொட்டினேன். அந்த வரி இன்னொரு மரத்தில் வராது.

நடந்தது இதுதான். மீட்டரின் ஊசி மேலே சில மில்லிமீட்டர்தான் இறங்கும். மேல்தோல் காய்ந்திருந்தது, நடுவில் ஈரம் அப்படியே இருந்தது. நடுவில் பிளந்தவுடன் அந்த ஈர முகம் வெளியே வந்துவிடுகிறது, காய்கிறது, சுருங்குகிறது. சுருங்குகிற முகம் குழியும். புத்தகம் மாதிரி விரிக்கும்போது நாம் மேலே காட்டுவது அந்த முகத்தைத்தான். பின்பலகை தடியாக இருந்தால் அது வளைய மறுக்கும், அப்போது நடு ஒட்டு விடும். எடை குறைய உள்ளே குடைந்திருந்தால் பாடியே சேர்ந்து குழியும். தக்கலைத் தம்பியுடையது அப்படித்தான் ஆகியிருந்தது.

இதோடு நம் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் மரம் எத்தனை வருடம் காய்ந்தாலும் 16 சதவீத ஈரத்தில்தான் நிற்கும். ஏசி போட்ட அறையில் 50 சதவீதம் என்றால் 9-க்கு இறங்கும். குறுக்குவாட்டில் ஒரு சதவீத ஈரத்துக்குச் சுமாராகக் கால் சதவீதம் சுருங்கும் என்று வையுங்கள். ஏழு சதவீதம் இறங்கினால் 33 சென்டிமீட்டர் அகலப் பாடியில் அது ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது, அதனால்தான் கழுத்துப் பக்கம் அளந்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

எட்டு மில்லிமீட்டர் வேண்டும் என்றால் பன்னிரண்டுக்குப் பிளக்கிறேன். பிளந்த அன்றே இரண்டு முனையிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசிவிடுகிறேன், முனை சீக்கிரம் காய்ந்தால் அங்கிருந்து வெடிப்பு கிளம்பும். ஆரல்வாய்மொழிக் காற்றில் வேலை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்து நடுவே வீடு என்றால் உங்கள் பிரச்சினை வேறு, அங்கே பூஞ்சை பிடிக்கும், ஃபேன் காற்று பட வேண்டும். பலகைகளுக்கு நடுவே ஒரே தடிமனான ரீப்பர் குச்சிகள், மேலே பாரம், வெயில் படாத இடம்.

அப்புறம் சமையலறைத் தராசு. பலகையின் மேலேயே பென்சிலில் தேதியும் கிராமும் எழுதுங்கள், வாரம் ஒருமுறை. என் கடைசிப் பலகையில் இருப்பது: 1420, 1371, 1340, 1322, 1313, 1309, 1309, 1308. மூன்று வாரம் எடை நின்றால்தான் அடுத்த வேலை. எண்ணாகவே தெரிய வேண்டும் என்றால் ஒரு சின்னத் துண்டை வெட்டி எடை போட்டு, 103 டிகிரி ஓவனில் எடை மாறாமல் நிற்கும்வரை காய வைத்து மறுபடி எடை போடுங்கள். 57 கிராம் 50 ஆனால், குறைந்த 7-ஐ 50-ஆல் வகுத்தால் 14 சதவீதம். இதில் மீட்டர் வேண்டாம், மர வகையும் தெரிய வேண்டாம்.

கடைசி மாதம் மேல்பலகையும் பின்பலகையும் ஒரே அறையில், முடிந்தால் ஏசி அறையில், ஒன்றாக இருக்க வேண்டும். இழைக்கும்போது இரண்டு முகத்திலும் சமமாக எடுத்துப் பாதியில் நிறுத்தி, ஒரு வாரம் விட்டு, மீதியை எடுங்கள். ஒட்டிய பிறகும் அவசரம் கூடாது. தண்ணீர் கலந்த பசை ஒட்டு ஓரத்தை ஊத வைக்கும். ஊதியிருக்கும்போதே உப்புத்தாள் போட்டுச் சமமாக்கினால், காய்ந்த பிறகு அந்தக் கோடு உள்ளே இறங்கி, பளபளக்கும் லாக்கருக்கு அடியில் பள்ளமாகத் தெரியும். ஒரு வாரம் விடுங்கள்.

"எட்டு மாசம் ஆச்சுண்ணா, இன்னும் எத்தன மாசம்" என்று அந்தத் தம்பி கேட்டான். இழைத்தால் வரி போகாது, ஆனால் நடுவில் குழிந்ததற்கு ஓரத்தில் இழைக்க வேண்டும், எட்டு மில்லிமீட்டரில் ஓரத்தில் என்ன மிஞ்சும்? இப்போது அவன் பாடி என் ஏசி அறையில் நிற்கிறது, எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ரௌட்டரை ஒரே மூச்சில் ஓட்டுவது

அலைவரி என்றாலே இழை மேலும் கீழுமாக ஓடுகிறது என்று அர்த்தம். அழகாகத் தெரிகிற அதே காரணத்தால்தான் பிய்ந்தும் போகிறது. கழுத்தருகே நீளும் கீழ்க் கொம்பின் வளைவில், ரௌட்டர் மெஷினின் சுழலும் பிட் இழைக்கு எதிராகத் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு முறை கட்டை விரல் அளவுத் துண்டு எனக்குப் பறந்து போயிருக்கிறது. துண்டு கிடைத்ததால் ஒட்ட முடிந்தது.

டெம்ப்ளேட்டை (பாடியின் வடிவ அச்சு) வைத்து வரைந்த கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் வெளியே வரைக்கும் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். ரௌட்டருக்கு மிச்சம் வைப்பது அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டர் ஆழம். வெளி ஓரத்தில் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. கொம்பின் முனையில் பயமாக இருந்தால் விட்டுவிட்டு அரமும் உப்புத்தாளும் எடுங்கள், அரை மணி நேரம் அதிகமாகும். மேல்முகத்தில் இழைப்புளி பிய்த்தால் ஸ்கிரேப்பர் தகடுதான், வேறு வழி தேட வேண்டாம்.

பிரிட்ஜ் கைக்கு வரும் முன் ஓட்டை போடுவது

ஸ்ட்ராட் (பெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகைப் பிரிட்ஜிலேயே ஸ்குரூ இடைவெளி 56 மில்லிமீட்டரிலும் வருகிறது, 52.5-இலும் வருகிறது. பார்சல் வரட்டும்.

நடுக்கோட்டை அழிப்பது

பாடியின் நடுவே பென்சிலில் போட்ட நேர்கோட்டைக் கடைசி உப்புத்தாள் வரை அழிக்காதீர்கள்.

மழையில் லாக்கர் அடிப்பது

நைட்ரோ லாக்கர் காயும்போது தின்னர் ஆவியாகி மரத்தின் மேல்பக்கம் குளிர்ந்துவிடும். ஈரக் காற்றில் அந்தக் குளிர்ச்சியில் நீர் கோத்துக்கொண்டு, பால் படர்ந்த மாதிரி வெள்ளை பூக்கும். கருமையாக நிறம் கொடுத்த மாமர வரியின் மேல் அது பூத்தால் பார்க்கச் சகிக்காது. மெதுவாகக் காயும் தின்னர் கலந்து மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனாலும் நான் ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் ஸ்பிரே கன்னைத் தொடுவதில்லை. அந்த மாதங்களில் பலகைகளை எடை போடுகிறேன், டெம்ப்ளேட் வெட்டுகிறேன். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல் அடித்தால் நாலு கோட்டும் கண்ணாடி மாதிரி விழும்.

இரும்புக் கம்பளி

பலாவிலும் தேக்கிலும் இதை வைத்துத் தேய்க்க வேண்டாம். ஒரு இழை உடைந்து உள்ளே மாட்டி ஈரம் பட்டால் கறுப்புப் புள்ளி.