பாறையில் துள்ளுவாலியைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஜம்பிங் பிரிஸில்டெயில் என்ற சிறகில்லாப் பூச்சியை இங்கே துள்ளுவாலி என்று எழுதுகிறோம். வரிசை ஆர்க்கியோக்னாதா, உலகில் ஏறக்குறைய 500 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

உடம்பு சட்டென்று வறண்டுபோகும் பூச்சி இது. பகலில் பாறை வெடிப்பிலும் உரிந்த பட்டைக்கடியிலும் சருகுக்குள்ளும் கிடந்து, இருட்டியபின் பாசியும் இலைக்கனும் (லைக்கன்) மேய வரும். இலங்கையின் கிழக்கில் தாந்தாமலை, குடும்பிமலை, உகந்தைக் கடலோரம் போன்ற பாறைப் பகுதிகளில் தேடலாம். மாரி ஓய்ந்து, பாறையின் மேல் காய்ந்து, வெடிப்பில் மட்டும் ஈரம் நிற்கும் தை, மாசி தோதான காலம். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் நாட்களில் வெயில் விழும் பாறையை விட்டு மரநிழற் சருகைக் கிளறுங்கள். யானை நடமாடும் பக்கங்கள், இரவில் தனியே போக வேண்டாம். குமண தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் ஒன்றையும் பிடிக்கக் கூடாது.

புத்தகத்தில் ஓடும் வெள்ளிப்பூச்சியோடு பலர் குழப்பிக்கொள்வார்கள். அது தட்டை, கண் சிறிது, துள்ளாது. துள்ளுவாலிக்கு முதுகு கூனியிருக்கும். இரண்டு பெரிய கூட்டுக்கண்களும் உச்சியில் ஒட்டி நிற்கும். மூன்று வால்களில் நடுவால்தான் நீளம். வாயோரம் கால்போல் நீண்டிருப்பவை உணரிகள், கால்களல்ல. கைவில்லையால் வயிற்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் சின்ன முட்கள் சோடி சோடியாகத் தெரியும், ஏறும்போது வழுக்காமல் தாங்குவதற்கு. அருகிலுள்ள மெல்லிய பைகளை வெளியே தள்ளி ஈரத்தை உறிஞ்சும்.

விரலால் பிடிக்கப் போனால் தோல்விதான். வயிற்றைத் தரையில் அறைந்து எங்கே விழும் என்று சொல்லமுடியாதபடி எகிறும். அகப்பட்டாலும் செதில் உதிர்ந்து வால் முறியும். அகன்ற வாய்ப் போத்தலை மேலே கவிழ்த்து, கீழால் கடதாசி மட்டை ஒன்றை மெதுவாக நுழையுங்கள். போத்தலுக்குள் முதலே ஒரு பட்டைத்துண்டும், மூலையில் ஈரப் பஞ்சும் இருக்கட்டும். பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைத்தால் கண்ணாடியில் வியர்க்கும் நீரில் பூச்சி ஒட்டிச் சாகும்; இதுதான் அதிகம் நடக்கும் பிழை. அடையாளம் காண வைத்திருப்பதென்றால் 80% எதனோலில் போடுங்கள். செதில் நிறம் அதில் நிலைக்காது, படத்தை முதலே எடுங்கள்.

வளர்ப்பவர்கள் பெட்டியில் இலைக்கன் படர்ந்த சொரசொரப்பான கல் வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். முழுவதும் நனைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வளர்ந்த பிறகும் இது தோலுரித்துக்கொண்டே இருக்கும்; உரிக்குமுன் தன் எச்சத்தால் கல்லில் ஒட்டிக்கொள்ளும். மணலிலோ வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலோ அந்தப் பிடி கிடைக்காது. பழைய தோலிலிருந்து கழரமுடியாமல் அப்படியே செத்துவிடும்.