ஆத்துத் தண்ணீர்க் காப்பியும் எட்டு டம்ளரும்: உளவியல் ஆய்வுமுறையில் முதல் பாடம்

அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லாத வீடு திருநெல்வேலியில் அபூர்வம். எங்கள் சித்தப்பா அதற்கும் ஒரு படி மேலே. "ஆத்துத் தண்ணில போட்ட காப்பி எது, கேன் தண்ணில போட்டது எதுன்னு நாக்குல வச்சதும் சொல்லிருவேன்டே" என்பார். ஒருவருடைய புலனறிவைப் பற்றிய இப்படிப்பட்ட பேச்சை நேர்மையாகச் சோதிக்கப் பழகினால், உளவியல் ஆய்வின் அடிப்படை பிடிபட்டுவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பேச்சைக் கருதுகோளாக, அதாவது சரியா தவறா என்று சோதிக்கக்கூடிய கூற்றாக மாற்றுங்கள். "ஆத்துத் தண்ணீர் உசத்தி" என்பதைச் சோதிக்க வழியில்லை. "சித்தப்பாவால் இரண்டையும் ருசியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியும்" என்பதைச் சோதிக்கலாம். அதற்கு எதிரே நிற்கும் "முடியாது, வெறும் ஊகம்" என்பது இன்மைக் கருதுகோள். நாம் மாற்றுகிற தண்ணீர், சார்பிலா மாறி. அவர் சொல்லும் பதில், சார்ந்த மாறி.

அடுத்து, தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும். அதிக நேரம் இதற்குத்தான் போகும், போகட்டும். முதல் தடவை நான் கேன் தண்ணீர்க் காப்பியைப் போட்டு வைத்துவிட்டு, அப்புறம்தான் ஆத்துத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினேன். சித்தப்பா எட்டையும் சரியாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். டம்ளர்களை எடுக்கும்போது விரலுக்குத் தெரிந்தது: நான்கு ஆறியிருந்தன, நான்கு இன்னும் சுட்டன. அவர் கண்டுபிடித்தது தண்ணீரையா, சூட்டையா? இப்படி ஊடே புகுவதைக் குழப்பும் மாறி என்பார்கள். மறுபடி செய்தபோது இரண்டு ஃபில்டர், அளந்து போட்ட ஒரே தூள், ஒரே பால், ஒரே நேரம்.

சரி, எந்த டம்ளர் எப்போது போகும்? அதை நம் மனசு முடிவு செய்யக் கூடாது. நான்கு சீட்டில் 'ஆறு', நான்கில் 'கேன்' என்று எழுதி, ஒரு செம்பில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எங்கள் வீட்டில் மதினி அடுக்களையில் சீட்டு எடுத்து ஊற்றினார். எது எது என்று தெரியாமல் நான் கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் விடை தெரியாத இந்த ஏற்பாட்டுக்கு இரட்டை மறைப்பு என்று பெயர். இது ஏன் அவசியம் என்பதை ஹான்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரை காட்டியது. குளம்பைத் தட்டி விடை சொல்லும், கணக்குப் போடும் குதிரை என்று பேர் வாங்கியிருந்த அதை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்து, 1907-ல் முடிவை வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரையும் தவறியது. கேட்பவர் தம்மை அறியாமல் காட்டிய சின்னத் தலையசைவைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

இப்போது கணக்கு. நான்கு டம்ளர் ஆற்றுத் தண்ணீர் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். எந்த நான்கு என்பதுதான் கேள்வி. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் நான்கும் சரியாக அமைய 70-ல் ஒரு வாய்ப்பு, அதாவது 1.4 சதவீதம். நான்கில் மூன்று சரியாக அமைய 16 வழிகள். ஆக மூன்றோ அதற்கு மேலோ சரியாவது 70-ல் 17, ஏறக்குறைய 24 சதவீதம். குருட்டாம்போக்கில் இவ்வளவு சரியாக வர எத்தனை வாய்ப்பு என்று சொல்லும் இந்த எண்தான் பி-மதிப்பு. 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் இன்மைக் கருதுகோளைக் கைவிடுவது வழக்கம். பாலை முதலில் ஊற்றிய தேநீரைப் பிரித்தறிவதாகச் சொன்ன ஒரு பெண்மணியை வைத்துப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-ல் விளக்கிய கணக்கு இதேதான்.

"நான்கும் சரியாக இருந்தால்தான் ஒப்புக்கொள்வோம்" என்று காப்பி வருவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்தோம். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சித்தப்பா மூன்றைச் சரியாகச் சொன்னார். முடிவு தெரிந்த பிறகு விதி எழுதியிருந்தால், பாசத்தில் "மூன்றே போதும்" என்று நானே எழுதியிருப்பேன்.

அதற்காக அவருக்கு அந்தத் திறன் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. சான்று போதவில்லை, அவ்வளவுதான். எட்டு டம்ளரில் ஒரு சறுக்கலுக்குக்கூட இடமில்லை. பன்னிரண்டு வைத்து, அதில் ஆறு டம்ளரை ஆத்துத் தண்ணீராக்கினால் 924 வழிகள். ஆறில் ஐந்தோ ஆறோ சரியாவது வெறும் 37 வழிகளில், அதாவது 4 சதவீதம். ஒரு தவறை மன்னிக்கலாம். கணக்கைக் கேட்டதும் சித்தப்பா, "அப்ப ஞாயித்துக்கிழம பன்னெண்டு டம்ளர் வையிடே" என்றார். சீட்டுகளை எழுதி வைத்துவிட்டேன்.