ஆட்டிசம் சேவைகளை ஒருங்கிணைக்க ஒரு மாநில ஆணையம்: நீலகிரியிலிருந்து கேட்டுப் பெறும் வழி

பந்தலூர் வட்டத்தில் ஒரு குடும்பத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயர் அரசின் பல துறைகளின் பதிவேடுகளில் தனித்தனியாக ஏற வேண்டும். அங்கன்வாடி சமூக நலத் துறையுடையது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (தேசியச் சிறார் நலத் திட்டம்) நடமாடும் மருத்துவக் குழுவும், அது அனுப்பிவைக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையமும் மக்கள் நல்வாழ்வுத் துறையுடையவை. சிறப்பாசிரியர் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வருகிறார். அடையாள அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பொறுப்பு. பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தால் பழங்குடியினர் நலத் துறையும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு துறையும் தன் வேலையைச் செய்துவிட்டதாகவே கோப்பு சொல்லும். ஆனால் ஒரு துறையின் கையிலிருந்து அடுத்த துறையின் கைக்குப் பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் பொறுப்பு எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. அந்த வேலை முழுவதும் தாயின் தலையில் விழுகிறது.

அந்தப் பொறுப்பை ஏற்கும் ஒரு மாநில ஆணையத்தை அரசிடம் கேட்டுப் பெறுவது எப்படி என்று பெற்றோர் குழுக்களுக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ஒரு துறை பிள்ளையை அடுத்த துறையிடம் ஒப்படைத்ததா என்று பார்த்து, ஒப்படைக்காதபோது எழுத்துமூலம் காரணம் கேட்கும் அதிகாரம் அந்த அமைப்புக்கு இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த அதிகாரத்தை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

முதல் வேலை: குடும்பங்களின் வழித்தடத்தை எழுதுதல்

கோரிக்கை மனு எழுதுவதற்கு முன் சான்று திரட்ட வேண்டும். நீலகிரியின் ஆறு வட்டங்களிலிருந்தும், அதாவது உதகை, குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆகியவற்றிலிருந்தும், வட்டத்துக்கு ஓரிரு குடும்பங்களையாவது சந்தித்து அவர்கள் நடந்த பாதையை நாள்வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் தாய் எல்லாத் தாள்களையும் ஒரு துணிக்கடைப் பையில் சேர்த்து வைத்திருப்பார்: தடுப்பூசி அட்டை, மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டுகள், மடித்து மடித்துக் கிழிந்துபோன பரிந்துரைக் கடிதம், பேருந்துப் பயணச்சீட்டுகள், லேமினேட் செய்த ஊனச் சான்றிதழ். அந்தத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினாலே, பெற்றோருக்கு முதல் ஐயம் வந்த நாளுக்கும் முதல் பேச்சுப் பயிற்சி கிடைத்த நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் வீணானது என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஆன செலவையும் இழந்த நாள் கூலியையும் அதன் அருகே குறித்துக்கொள்ளுங்கள். பெயரையும் ஊரையும் மறைத்து, குடும்பத்தின் எழுத்துமூலமான ஒப்புதலுடன் மட்டுமே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்ததாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். முப்பது நாள்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை; ஆட்டிசம் என்ற வகையில் மாவட்டத்தில் அடையாள அட்டை பெற்றவர்கள் எத்தனை பேர்; மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எப்போதெல்லாம் கூடியது, அதன் கூட்டக் குறிப்புகள் எங்கே என்ற மூன்று கேள்விகளே தொடக்கத்துக்குப் போதும். கேள்வி நீண்டால் பதில் மழுப்பலாக வரும்.

சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவை

‘ஏற்கெனவே ஆணையர் இருக்கிறாரே, இன்னோர் ஆணையம் எதற்கு?’ என்பதுதான் தலைமைச் செயலகத்தில் முதலில் எதிர்ப்படும் கேள்வி. இதற்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் சென்னைக்கு வண்டி ஏற வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கி 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 66ஆம் பிரிவு மாநில ஆலோசனை வாரியத்தையும், 72ஆம் பிரிவு மாவட்டக் குழுவையும், 79ஆம் பிரிவு மாநில ஆணையரையும் ஏற்படுத்துகின்றன. ஆணையர் உரிமை மீறலை விசாரிப்பவர். 82ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்களும் அவருக்கு உண்டு. ஆனால் 21 வகையினருக்கும் பொதுவான அவர், மீறல் நடந்த பிறகு வரும் புகாரைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார். ஐந்து துறைகளின் ஆட்களையும் பணத்தையும் நாள்காட்டியையும் ஒரு பிள்ளையின் வயதோடு பொருத்தி வைக்கும் வேலை வேறு. நாம் கேட்கும் ஆணையம் அந்த வேலைக்கானது என்றும், புகார் விசாரணை ஆணையரிடமே இருக்கட்டும் என்றும் மனுவின் முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அமைப்புகளும் ஒன்றையொன்று காட்டித் தப்பித்துக்கொள்ளும்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தையும் படித்து வையுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குமான அந்தச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் உள்ளூர் அளவிலான குழு அமைந்து, 18 வயது கடந்தவர்களுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கிறது.

அரசாணையா, சட்டமா?

மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பதால், இத்தகைய ஆணையத்தை அமைக்கச் சட்டப்பேரவைக்கு முழுத் தகுதி உண்டு. அரசாணை விரைவில் வரும், விரைவில் மறக்கவும்படும். சட்டம் வரத் தாமதமாகும், ஆனால் ஆட்சி மாறினாலும் நிற்கும். தமிழ்நாடு மாநில மகளிர் ஆணையம் 1993இல் அரசாணையால் தோன்றி, 2008இல்தான் தனிச் சட்டம் பெற்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2010இல் அமைந்த சிறப்பு ஆணையம் ஆட்டிசம் சேவைகளை ஆராய்ந்து 2013இல் அறிக்கை தந்தது; அடுத்த ஆண்டே ஒரு சட்டத்தின் மூலம் அது நிரந்தர ஆணையமாயிற்று. இரண்டையும் பார்த்தபின் எனக்குத் தோன்றும் வழி இது: காலக்கெடு குறித்த அரசாணையால் முதலில் ஆணையத்தை அமைக்கச் சொல்லி, அந்த ஆணையத்தின் முதல் கடமையாகச் சட்ட முன்வரைவைத் தயாரிப்பதையே அதே அரசாணையில் எழுதச் சொல்ல வேண்டும்.

அதிகாரங்கள்: முன்வரைவில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

வழிகாட்டியின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன். ஆணையம் பயன்படுமா படாதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

ஆணையத்தின் பரிந்துரைக்குத் துறைகள் பதில் சொல்லும் கடமை முதன்மையானது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, மாநில ஆணையரின் பரிந்துரை மீது மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தையும் அதே காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே வாசகத்தை நம் முன்வரைவிலும் வைக்கலாம்; நடப்பிலிருக்கும் சட்டத்தின் சொற்களைச் சட்டத் துறை எளிதில் மறுக்காது.

அடுத்து, ஒப்படைப்பு. பிள்ளை அங்கன்வாடியிலிருந்து பள்ளிக்குப் போகும்போதும், தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போதும், 18 வயதை எட்டும்போதும், பழைய துறை ஓர் ஒப்படைப்புக் குறிப்பை எழுதிப் புதிய துறையிடம் கையெழுத்துப் பெற வேண்டும். பிள்ளை எப்படிப் பேசுகிறது அல்லது எதைக் காட்டித் தன் தேவையைச் சொல்கிறது, எந்தச் சத்தம் தாங்காது, இதுவரை என்ன பயிற்சி நடந்தது, அடுத்தது என்ன என்பவை அந்தக் குறிப்பில் ஒரே பக்கத்தில் இருந்தால் போதும். மூன்றிலும் கொடியது 18 வயது. அன்றோடு ஆர்.பி.எஸ்.கே. முடிகிறது, பள்ளியும் சிறப்பாசிரியரும் விலகிவிடுகிறார்கள், சட்டப்படி பெற்றோர் இயல்பான பாதுகாவலர்களாக இருப்பதும் முடிந்துபோகிறது. வங்கிக் கணக்குக்கும் சொத்துக்கும் கையெழுத்திட யாருமில்லாத நிலையில்தான் பல குடும்பங்கள் உள்ளூர் அளவிலான குழுவைப் பற்றியே முதன்முறையாகக் கேள்விப்படுகின்றன. ஆகவே பிள்ளைக்கு 16 வயது நிறையும்போதே தொழிற்பயிற்சி, பாதுகாவலர் ஏற்பாடு, பகல்நேரப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான திட்டத்தை எழுதத் தொடங்குவது துறைகளின் கடமை என்று முன்வரைவு சொல்ல வேண்டும்.

பணத்தின் மீதும் ஆணையத்துக்கு ஒரு பார்வை வேண்டும். செலவழிக்கும் அதிகாரம் துறைகளிடமே இருக்கட்டும். ஆனால் மானியக் கோரிக்கைகள் பேரவைக்கு வருமுன், ஒவ்வொரு துறையும் ஆட்டிசத்துக்காக ஒதுக்கியது எவ்வளவு, சென்ற ஆண்டு செலவிட்டது எவ்வளவு, காலியாகக் கிடக்கும் பணியிடங்கள் எத்தனை என்று ஆணையத்துக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். ஆணையமே சிகிச்சை மையம் நடத்த வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. தானே மையம் நடத்தும் அமைப்பு, தன் மையத்தைக் கேள்வி கேட்காது.

மலைக்கென்று எழுத வேண்டியவை

2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. தலைக்கணக்கை மட்டும் பார்த்து மருத்துவரையும் பயிற்சியாளரையும் ஒதுக்கினால் எங்கள் மாவட்டத்துக்கு எப்போதும் கடைசிப் பங்குதான் வரும். கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சேரம்பாடி அதற்கும் அப்பால். ஊனச் சான்றிதழுக்காக மதிப்பிடும் மருத்துவக் குழு உதகையில் கூடும் நாளில் காலையில் வரிசையில் நிற்க வேண்டுமானால் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். யானை நிற்கும் பாதையில் அந்த நேரத்தில் பிள்ளையை நடத்திக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வர முடியாது. வந்து ஏறினாலும், வளைவுதோறும் ஒலிக்கும் ஹாரனுக்குக் காதைப் பொத்திக்கொண்டு கதறும் பிள்ளை, மதிப்பீட்டு அறைக்குள் போகும்போது களைத்துப்போய் எதற்கும் முகம் கொடுக்காது. அந்த நிலையில் எடுக்கும் மதிப்பெண் பிள்ளையின் உண்மை நிலையைக் காட்டாது. எனவே பயண நேரத்தையும் கணக்கில் கொண்டு பணியிடங்களை ஒதுக்கும் விதியும், மதிப்பீட்டுக் குழு கூடலூரிலும் கோத்தகிரியிலும் குறித்த நாள்களில் வந்து அமரும் விதியும் கட்டாயம் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் சாலை துண்டிக்கப்படும் மாதங்களுக்குக் காணொளி வழிப் பயிற்சியையும் வீட்டுக்கே வரும் சிறப்பாசிரியரையும் சேர்த்துக் கேளுங்கள்.

மொழியும் அதே அளவு முக்கியம். ஆட்டிசத்தை மதிப்பிட இந்தியாவில் பயன்படும் ‘ஐஎஸ்ஏஏ’ அளவுகோலின் 40 கூறுகளில் பேச்சும் மொழியும் ஒரு பெரும் பகுதி. வீட்டில் படுகு பேசும் பிள்ளையையும், பணியர், இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் தத்தம் மொழி பேசி வளரும் பிள்ளையையும், கூடலூரில் மலையாளம் பேசும் பிள்ளையையும் தமிழில் கேள்வி கேட்டு அளந்தால், இல்லாத குறை இருப்பதாகவும் இருக்கும் குறை ‘மொழி புரியாததுதான்’ என்றும் பதிவாகும். அந்தந்தச் சமூகத்திலிருந்தே பயிற்சி பெற்ற மொழித்துணையாளரை ஊதியம் கொடுத்து அமர்த்துவது செலவு குறைந்த தீர்வு. தோட்டங்களில் எஸ்டேட் மருத்துவமனையும் பிள்ளைக் காப்பகமும் இருக்கும் இடங்களில், அங்குள்ள பணியாளர்களுக்கும் ஆரம்ப அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சி தர வேண்டும்; பெயர் சொல்லி அழைத்தால் ஒன்றரை வயதிலும் திரும்பிப் பார்க்காத பிள்ளையை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவர் காப்பகத்து ஆயாதான்.

உறுப்பினர் யார்?

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வாக்குரிமையுடன் உறுப்பினராக இருக்க வேண்டும்; அவர்களுக்குக் கூட்டப்பொருளை முன்கூட்டியே எழுத்தில் தருவதும், எழுதியோ படம் காட்டியோ பதில் சொல்ல இடம் தருவதும் விதியிலேயே இடம்பெற வேண்டும். பெற்றோரில் மலை மாவட்டத்தவர் ஒருவரும் பழங்குடிச் சமூகத்தவர் ஒருவரும் இருக்கட்டும். துறைச் செயலர்கள் தமக்குப் பதிலாகக் கீழ்நிலை அலுவலரை அனுப்புவதைத் தடுக்காவிட்டால் மற்றவற்றால் பயனில்லை.

கோரிக்கையைக் கொண்டு செல்லும் வழி

கிராம சபையில் தொடங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஆணையம் வேண்டும் என்ற தீர்மானத்தை அங்கே நிறைவேற்றி, நகலில் ஊராட்சி முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், தீர்மானத்தை முன்மொழிய அவர்களையே கேட்கலாம். பிறகு உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் தீர்மானங்களையும் குடும்பங்களின் வழித்தடக் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்து, மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசச் சொல்லுங்கள். பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் தனியே ஒரு மனு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து செலவு உண்டாவதால் சட்ட முன்வரைவுக்கு அரசமைப்பின் 207ஆம் பிரிவுப்படி ஆளுநரின் பரிந்துரை தேவைப்படும். ஆகவே ஆண்டுச் செலவு மதிப்பீடு ஒன்றை நாமே தயாரித்து இணைத்தால், நிதித் துறையில் கோப்பு தூங்குவதற்கு ஒரு காரணம் குறையும்.

இதற்கிடையில் மாவட்ட ஆட்சியரைச் சந்தித்து, 72ஆம் பிரிவின் மாவட்டக் குழுவில் ஆட்டிசத்துக்கு ஒரு துணைக்குழு அமைத்து, மேலே சொன்ன ஒப்படைப்புக் குறிப்பை நீலகிரியில் சோதனை முறையில் நடைமுறைப்படுத்தக் கேளுங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் குழுவாகப் போய் மனுக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதன் நிலையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அரசாணை வந்ததும் அதன் முன்னுரையைத் தாண்டி நேராக மூன்று பத்திகளைத் தேடுங்கள்: துறைகள் பதில் தர வேண்டிய காலக்கெடு, ஆணையத்துக்கென முழுநேர உறுப்பினர் செயலர், ஆண்டறிக்கையைப் பேரவையில் வைக்கும் கடமை. இவற்றில் எது விடுபட்டிருந்தாலும், விதிகள் கருத்துக் கேட்புக்கு வெளியிடப்படும் நாள்களுக்குள் திருத்தத்தை முழு வாசகமாக எழுதி, பெற்றோர் குழுவின் கையெழுத்துகளோடும் கிராம சபைத் தீர்மான நகல்களோடும் பதிவுத் தபாலில் துறைச் செயலருக்கு அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.