மைனியின் தட்டில் மலைபோல் மரச்சீனி

போன ஞாயிறு குமரி மாவட்டத்துக் கருங்கல்லில் மைனி (அண்ணி) வீட்டுக்குப் போயிருந்தேன். இறைச்சியைக் குறைத்து இரண்டு மாதம் ஆகிறதாம். தட்டு நிறைய மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. ஓரத்தில் மிளகாய்ச் சம்மந்தி (துவையல்). "உடம்பு லேசா இருக்கா மைனி?" என்றேன். "எங்க மக்கா, தளர்ச்சியாதான் இருக்கு" என்றார். எட்டு வருஷத்துக்கு முந்தைய என் தட்டு ஞாபகம் வந்தது.

காய்கறி நிறையச் சாப்பிடு, எண்ணெயைக் குறை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம். இறைச்சியைக் குறைக்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஜோடியைப் பிரிப்பது

திருவிதாங்கூரை விசாகம் திருநாள் ஆண்ட 1880களில் அரிசிக்குத் துணையாகப் பரவிய கிழங்கு மரச்சீனி. ஆனால் நம் வீடுகளில் அது தனியாக இலைக்கு வந்ததில்லை. சாளை (மத்தி மீன்) கறியோடுதான் வந்தது. கிழங்கு வயிற்றை நிறைக்கும், மீன் உடம்பைத் தாங்கும். கால் கிலோ கிழங்கில் புரதம் 3 கிராம் சொச்சம்தான். 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்த்து நிறுத்திவிட்டு, அந்த இடத்தையும் கிழங்கால் நிரப்பினேன். ஆறே மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தலை வாரினால் சீப்பெல்லாம் முடி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.2, பெண்களுக்கு 12க்குக் கீழே போகக் கூடாது. டாக்டர் மாத்திரை எழுதுமுன் கேட்டார்: "காலையில என்ன சாப்பாடு?" கிழங்கு. "மத்தியானம்?" சோறும் ரசமும். "ராத்திரி?" மிச்சக் கிழங்கு. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் மேல் வந்த எரிச்சல், இப்போது யாராவது வெறும் கிழங்கைத் தட்டில் குவித்தால் எனக்கு அவர்கள் மேல் வருகிறது.

கணக்கு எளிது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் சொன்னது. 55 கிலோ இருந்தால் 45 கிராம் பக்கம் வரும். கிழங்கை மட்டுமே நம்பினால் மூன்று கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்! 50 கிராம் சிறுபயறு போட்ட கஞ்சி, ஒரு முட்டை, ஒரு கிண்ணம் தயிர் என்றால் பாதி வந்துவிடும். மீதியில் பெரும்பங்கைச் சோறும் தோசையுமே தரும். வாரத்தில் மூன்று நாள் சாளையோ நெத்திலியோ சேர்ந்தால் இன்னும் நல்லது. நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். அப்புறம் கிழங்கு எவ்வளவு வேண்டுமோ தின்னுங்கள், நானும் தின்கிறேன்.

சாம்பாரைப் பருப்பு என்று எண்ணுவது

கரண்டியை அடிவரை விட்டுப் பாருங்கள். பருப்பு அங்கேதான் கிடக்கிறது.

தேங்காயை நம்புவது

ருசிக்குச் சரி. அதில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு.

சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா (பால் விடாத தேநீர்)

பயறிலும் முருங்கைக் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து, இறைச்சியில் இருப்பதுபோல எளிதில் உடம்பில் ஏறாது. அதிலும் சாயாவின் துவர்ப்பு குறுக்கே நிற்கும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். பயற்றுத் தோரனில் (தேங்காய் போட்ட பொரியல்) ஒரு மூடி எலுமிச்சை பிழிந்தால் சத்து கூடுதலாக ஏறும்.

மீன், முட்டை, பால் மூன்றையும் விடுவது

பி12 செடிகொடிகளில் கிடைக்காது. டாக்டரிடம் கேட்டு மாத்திரை போடுங்கள்.

இதையெல்லாம் மைனியிடமும் சொன்னேன். நேற்று போட்டோ அனுப்பியிருந்தார். கிழங்கு பாதியாகியிருந்தது. பக்கத்தில் சாளை மூன்று, பயற்றுத் தோரன். தட்டை ஒட்டி ஆவி பறக்க ஒரு கிளாஸ் கட்டன் சாயா.