அதிரும் கன்டிலீவர் பீம்: கணக்குப் பிழைக்கும் இடங்கள்

ஒலுவில் வளாகத்தில் பொறியியல் படிக்கும் தம்பி, தங்கச்சிமார் விடுமுறைக்குக் கல்லடி வரும்போது என் மேசையில் விரிக்கும் கணக்குகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். ஒரு முனை இறுகப் பொருத்திய, மறுமுனை வெறுமனே நிற்கும் பீம் எந்த மீடிறனில் அதிரும்?

இரு முனைகளுக்குமான எல்லை நிபந்தனை நான்கையும் இட்டு, 'கோஸ் க × கோஷ் க = −1' வரைக்கும் நன்றாகவே வந்துவிடுவார்கள். கோஷ் என்பது அதிபரவளைவுக் கோசைன் (cosh). க வின் ஒவ்வொரு மூலமும் ஒரு மீடிறனைத் தரும்; மீடிறன் க வின் வர்க்கத்துக்கு விகிதசமம். வழுக்குவது அதை எண்ணால் தீர்க்கும்போதுதான். கல்குலேற்றர் பாகையில் கிடந்தால் எல்லாமே வீண். ஆரையனுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஊகத்தைப் படிப்படியாகத் திருத்தி மூலத்தைத் தேடும் நியூட்டன்–ரப்சன் முறைக்குத் தொடக்க ஊகம் முக்கியம். 0.5 இல் தொடங்கிப் பாருங்கள்: அங்கே பெறுதி மிகச் சிறியது, அடுத்த படியே 24 ஐத் தாண்டிப் பாயும். பிறகு ஏதோ ஒரு மூலம் கிடைக்கும், முதலாவது அல்ல. சமன்பாட்டை 'கோஸ் க = −1/கோஷ் க' என்று மாற்றினால் வலப்பக்கம் விரைவில் பூச்சியத்தை நெருங்குவது தெரியும். ஆகவே இரண்டாம் மூலம் 4.6941, 3π/2 க்குப் பக்கத்திலேயே இருக்கும். முதல் மூலம் 1.8751 அப்படியல்ல. அதற்குப் பதில் π/2 ஐயே போட்டவர்களுக்கு மீடிறன் 30 வீதம் குறைந்துவிடும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதிர்வு வடிவம், அதாவது ஒவ்வொரு மீடிறனிலும் பீம் வளையும் வடிவம். அதன் கோவை '(கோஷ் − கோஸ்) − குணகம் × (சைன்ஷ் − சைன்)'. சைன்ஷ் என்பது அதிபரவளைவுச் சைன் (sinh). அந்தக் குணகம் மூன்றாம் வடிவத்துக்கு 0.99922. "ஒன்றுதானே" என்று 1 போட்டால், முனையில் 2 வர வேண்டிய பெயர்ச்சி 1 ஆகிவிடும். சரிபாதி! 0.999 என்று வைத்தாலும் 2.29 தான் வரும். முனையில் கோஷ், சைன்ஷ் இரண்டின் பெறுமானமும் ஏறத்தாழ 1289. கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கிறோம். நான்காம் தசமதானத்தில் விட்டது முழு எண்ணில் வந்து நிற்கிறது. குணகத்தை இடையில் மட்டந்தட்டாதீர்கள். இன்னும் உயர்ந்த வடிவங்களுக்கு, பெரிய உறுப்புகளைக் காகிதத்திலேயே கழித்துச் சுருக்கிவிட்டுப் பிறகு எண்ணை இடுங்கள்.

கணினியில் பீமைச் சிறு துண்டுகளாக்கி, நேரத்தைப் படிப்படியாக நகர்த்தும் வெளிப்படை (explicit) முறையில் வேறொரு பொறி. துண்டின் நீளத்தைப் பாதியாக்கினால் நேரப்படியைக் கால்வாசியாக்க வேண்டும். இழைக்கான அலைச் சமன்பாட்டில் பழகியவர்கள் பாதியோடு நிறுத்துவார்கள். விடை வெடித்துச் சிதறும். இழையின் பழக்கத்தில் இரண்டாம் மீடிறன் முதலாவதன் இரண்டு மடங்கு என்றும் எழுதுவார்கள். இங்கே அது 6.27 மடங்கு.

விடை கிடைத்ததும் அளந்து பாருங்கள். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு அடிமட்டம், 25 சென்ரிமீற்றர் வெளியே நீட்டினால், ஏறத்தாழ 13 ஹேர்ட்ஸ். 82 வந்தால் 2π ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள். ஃபோனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து எண்ணலாம். எண்ணியது 13 ஐவிடக் குறைந்தால், சமன்பாட்டைச் சந்தேகிக்க முதல் பிடியைப் பாருங்கள். கையால் அமத்திப் பிடித்தால் போதாது, மேசை விளிம்போடு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும்.