24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர்: வேகப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம் என்று ஆனபின், பெங்களூர் அல்சூரில் நான் நடக்கப் போகும் மண் மைதானத்திலும் அதற்காக ஓடும் தமிழ்ப் பிள்ளைகளை விடியற்காலையில் பார்க்கிறேன். ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்துக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும் என்பது அத்தேர்வின் பொதுவான விதி. மாதக்கணக்கில் ஓடியும் 26 நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியாதவர்கள் ஒருநாள் திடீரென்று வேகப் பயிற்சியில் இறங்குகிறார்கள். பெரும்பாலான தவறுகளும் அன்றுதான் தொடங்குகின்றன.

சென்ற மாதம் ஒரு தம்பிக்கு ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். "அண்ணா, மொத ரவுண்டு ஒண்ணு இருபத்தஞ்சு!" என்று அவர் பூரிப்போடு கடந்து போனார். மூன்றாவது ரவுண்டு 1 நிமிடம் 58 விநாடி ஆயிற்று; ஐந்தாவதில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். 24 நிமிடம் என்பது 1,440 விநாடி. 400 மீட்டர் டிராக்கில் 5 கிலோமீட்டர் என்பது பன்னிரண்டரை ரவுண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு ரவுண்டுக்கு 115 விநாடி, அதாவது 1 நிமிடம் 55 விநாடி வருகிறது. அவருக்குத் தேவையானதைவிட முழு 30 விநாடி வேகமாக முதல் ரவுண்டை ஓடிவிட்டு, மிச்சமிருந்த தூரத்துக்கு வேண்டிய சக்தியை அங்கேயே செலவழித்துவிட்டார். இந்தக் கணக்கைப் போடாமலேயே வேகப் பயிற்சியைத் தொடங்குவதுதான் முதல் தவறு என்பேன். வேகம் என்றாலே உயிரைக் கொடுத்து ஓடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த 115 விநாடி உடம்புக்குப் பழகிப்போக வேண்டும் என்பதே இப்பயிற்சியின் நோக்கம்.

ஆகவே இப்போது 26 நிமிடத்தில் ஓடுபவர், தசைகளை நன்றாகச் சூடேற்றிக்கொண்டபின், 400 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடியில் ஓடி, அடுத்த 200 மீட்டரை மெதுவோட்டமாகவோ நடையாகவோ கடந்து மூச்சை மீட்டுக்கொண்டு, மறுபடி 400 மீட்டர் ஓடுவது என்ற முறையில் ஐந்து முறை ஓடினால் தொடக்கத்துக்குப் போதும். முதல் 400 மீட்டருக்கும் கடைசி 400 மீட்டருக்கும் இடையே மூன்று நான்கு விநாடிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கடைசியில் நேரம் சரிந்தால் முதலில் அளவுமீறி ஓடியிருக்கிறீர்கள் என்று பொருள். சில வாரங்களில் ஐந்தை எட்டாக்கலாம். அதன்பின் ஆயிரம் மீட்டர் துண்டுகளை 4 நிமிடம் 45 விநாடியில் ஓடிப் பழகலாம். 400 மீட்டரோடு நின்றுவிடுபவர்களுக்குத் தேர்வு நாளன்று மூன்றாவது கிலோமீட்டரில் கால் கனத்துவிடும்.

தினமும் வேகமாக ஓடுவது இதைவிடப் பெரிய தவறு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே முன்னேற்றம் காட்டும். தசைநார்களும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பலப்படுவதில்லை. மூச்சு ஒத்துழைக்கிறதே என்று நம்பி ஓடும்போது, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நெடுக வலி கிளம்பும். வலி பரவலாக இருந்தால் ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே விரலை வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் எலும்பு வலித்தால், அது மயிரிழை விரிசலாக இருக்கக்கூடும் என்பதால், ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடியவர்கள் தேர்வையே தவறவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். வேகப் பயிற்சி முதல் மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி என்பதே பத்திரமான அளவு. மற்ற நாட்களில் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். 5 கிலோமீட்டரை 26 நிமிடத்தில் ஓடுபவருக்கு அது கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்துக்குக் குறையாது. வேகத்தைக் கூட்டும் வாரத்தில் தூரத்தைக் கூட்டக் கூடாது.

அளவையிலும் ஏமாந்துபோகிறோம். கப்பன் பார்க்கின் மரநிழலில் கைக்கடிகாரமும் கைப்பேசியும் காட்டும் தூரம் முன்னே பின்னே இருக்கும். விநாடிக் கணக்குக்கு அதை நம்ப முடியாது. டிராக்கிலும் உள்கோட்டில்தான் ஒரு ரவுண்டு 400 மீட்டர். வெளியே ஒவ்வொரு கோட்டுக்கும் ஏழு மீட்டருக்கு மேல் கூடும். மண் மைதானத்தில் ஓடுபவர்கள் அளவு நாடாவால் ஒருமுறை அளந்து கல் நட்டுக்கொள்வது நல்லது.

பெங்களூரின் குளிர்ச்சியும் ஒரு வகையில் ஏமாற்றும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் விடியற்காலைக் காற்றில் எடுத்த நேரத்தை, சமவெளியில் வெயில் ஏறியபின் நடக்கும் தேர்வில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால், கடைசி மூன்று வாரங்களில் சில மெதுவோட்டங்களையாவது காலை ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும், தலை சுற்றினால் நின்றுவிட வேண்டும்.

பெண் பிள்ளைகள் அண்ணன்மார் ஓடும் அட்டவணையையே பின்பற்றுவதும் சரியல்ல. அவர்களுக்கு நான்கே ரவுண்டு, ரவுண்டுக்கு 127 விநாடி. 200, 400 மீட்டர் துண்டுகளே அவர்களுக்கு அதிகம் பயன்படும். ரத்தசோகை இருந்தால் எந்த அட்டவணையும் பலிக்காது என்பதால் ஹீமோகுளோபினைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டோடு டீ குடிப்பது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் சாப்பாட்டு நேர டீயை இன்றே நிறுத்தலாம்.

கடைசி வாரத்தில் "ஒரு தடவை முழுசா ஓடிப் பார்த்துடலாம்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கடைசிக் கடினப் பயிற்சியைத் தேர்வுக்கு ஏழெட்டு நாள் முன்பே முடித்துக்கொண்டு, அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிது தூரம் மெதுவோட்டமும், இடையே அந்த 115 விநாடி வேகத்திலேயே நான்கைந்து 200 மீட்டரும் ஓடினால் போதும். புது ஷூ வாங்குவதாக இருந்தால் அதற்கும் இரண்டு வாரம் முன்பே வாங்கிக் காலுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.